யோகனுக்கு ஒரு சுரம்

நேற்றுப் பின்னேரம் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டேன். மகளின் பாடசாலைச் சட்டைக்குக் கரை அடிக்க வேண்டியிருந்தது. சின்னக் குப்பியின் மூடியைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. உங்களுக்கு அது தையற்கடை மணமாக இருக்கலாம். எனக்கு அது ட்ரம்பெட்டின் மணம். எங்கள் பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட்டுக்கு விட வேறு எண்ணெய் இருந்ததில்லை. அதற்கென்றே எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருமாம், நாங்கள் கண்டதில்லை. நான் ஊதியது கிளாரினெட். ட்ரம்பெட்காரருக்கு நேர் முன்னால் என் கதிரை. அதனால் பத்து வருடமாக என் சட்டை முதுகெல்லாம் அந்த மணம்தான். குப்பியைக் கையில் வைத்தபடியே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. "என்னம்மா, மெசினப் பாத்து அழுறீங்க?" என்றாள் மகள்.

அழவில்லை. கோபமாக இருந்தேன். போன மார்கழியில், கல்லடிக் கடற்கரையில், சுனாமி நினைவுநாளுக்கு ஒலிபெருக்கியில் ஏதோ புல்லாங்குழல் போட்டார்கள். ஒரே துண்டு மூன்று தரம் ஓடியது. இடையில் யாருடையதோ போனுக்குச் செய்தி வந்த சத்தமும் பெரிதாகக் கேட்டது. சனம் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன். என் குணம் அப்படி, வீட்டுக்காரரைக் கேட்டால் விரிவாகச் சொல்வார்.

அந்த இடத்தில் ஒருகாலம் நாங்கள் வாசித்தோம். இருபத்தெட்டுப் பேர். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்த புதிதில்தான் நான் பாண்டில் சேர்ந்தேன். அதை நடத்தியவர் பிலிப் மாஸ்டர். பறங்கி மனிதர், போர்த்துக்கேய வழி வந்தவர், தொழில் இரும்பு ஒட்டு வேலை. பகல் முழுக்கப் படலைகளையும் உழவு மெசின்களையும் ஒட்டிவிட்டு, மாலையில் அதே கையால் எங்களை நடத்துவார். எங்கே பிழைத்தாலும், "ஒட்டு விட்டுப் போச்சு, திரும்ப" என்பார். சொன்னபடியே திரும்ப வாசிப்போம்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். வாத்தியத்தின் பேரைச் சொல்லமாட்டார், ஆளின் பேரைத்தான் சொல்வார். இரண்டாம் கிளாரினெட்டுக்கு உரிய தாள் அவருக்கு 'ஸ்டெல்லாட பேப்பர்'. என் கையெழுத்து நன்றாக இருந்தபடியால் தாள்களைப் பிரதி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் வாத்தியத்தின் பேரை எழுதாமல் ஆட்களின் பேரையே ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதினேன். பெரிய யோசனையொன்றும் இல்லை, சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு கடல் வந்தது. எங்கள் ஆட்கள் ஆறு பேர் போனார்கள். என் இடப்பக்கக் கதிரையில் இருந்த ஸ்டெல்லாவும் போனாள். ஒத்திகை மண்டபத்தில் தூண்களும் கூரையும் மட்டும் மிஞ்சின. டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை மூன்றாம் நாள் ஒரு தாழம் பற்றைக்குள் கண்டெடுத்தோம். கழுவக் கழுவ மணல் வந்தது, மாதக்கணக்காக.

அடுத்த மார்கழிக்கு மாஸ்டர் தானே ஒரு இசை எழுதினார். அதுவரை அவர் சொந்தமாக எழுதியதாக எங்களுக்குத் தெரியாது. தொடக்கம் மிகச் சாதாரணமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோயிலுக்கும் சந்தைக்கும் சனம் போகிற மாதிரி ஒரு துள்ளல் நடை. "மாஸ்டர், அலை வாறது எங்க?" என்று கேட்டேன். "அலைச் சத்தம் வைக்கமாட்டன் பிள்ளை. அதை எல்லாரும் கேட்டுட்டாங்க" என்றார். அலை வரவில்லை. துள்ளிக்கொண்டிருந்த மெட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன, அவ்வளவுதான். ஒரு ட்ரம்பெட் நிற்கும், கொஞ்சத்தில் ஒரு கிளாரினெட் நிற்கும். மிஞ்சியவர்கள் அதே நடையைத் தொடர வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று ஊதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

செத்த ஆறு பேருடைய தாள்களிலும் அவர்களின் பேரையே எழுதச் சொன்னார் மாஸ்டர். ஆறு கதிரைக்கும் புது ஆட்கள் வந்தார்கள். நிரோஜா என்ற பிள்ளை ஸ்டெல்லாவின் கதிரையில் இருந்து 'ஸ்டெல்லாட பேப்பரை' வாசித்தாள். முதல் தடவை வாசித்து முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. கடற்றொழில் செய்கிற ஒரு மனிதர் மாஸ்டரிடம் நேரே வந்து, "ஏன் இவ்வளவு சந்தோசமாத் தொடங்கினீங்க? நெஞ்சு தாங்குதில்ல" என்று ஏசினார். அடுத்த வருடம் அவரே வந்து, தன் மகளின் பேரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அதுக்குப் பிறகு சொல்ல வேண்டுமா, பேர்கள் வந்துகொண்டே இருந்தன. நாங்கள் உயிரோடிருந்தவர்களின் பேர்களை எங்கள் தாள்களிலிருந்து எடுத்துவிட்டோம். இருபத்தெட்டுத் தாளிலும் கடலில் போனவர்களின் பேர். வாசிப்பு முடிந்ததும் வீட்டாக்கள் வந்து, தங்கள் பிள்ளையை வாசித்தவரைத் தேடிப்பிடித்துக் கையைப் பிடிப்பார்கள். நீங்கள் எந்தப் பெரிய மண்டபத்தில் எந்தக் கைதட்டலைக் கேட்டிருந்தாலும் அது இதற்கு ஈடாகாது, சண்டைக்கு வருவதானால் வாருங்கள்.

யுத்தம் முடிந்த வருடம். கார்த்திகை மாத மழை. நான் ஒத்திகைக்கு வந்தபோது வாசலில் குடையில்லாமல் ஒரு அம்மா நின்றார். நல்லம்மா அக்கா. பழுகாமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையையும் அன்பாக 'மனே' என்பார்கள்.

"பேர் எழுதுற பிள்ளை நீதானே மனே? எங்கட யோகன்ட பேரையும் ஒரு பேப்பரில எழுது."

இப்போது நான் சொன்ன பதிலை நினைத்தால் என் தலையில் நானே குட்ட வேண்டும்போல் இருக்கிறது. எழுதுவினைஞர் புத்தி. "அக்கா, இது சுனாமியில போன ஆக்களுக்கு. படுவான்கரைக்குக் கடல் வரல்லியே" என்றேன். வாவிக்கு மேற்கே இருக்கிற ஊர்களைத்தான் படுவான்கரை என்போம். கடல் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்லம்மா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கடல் கொண்டு போனா மட்டும்தான் வாசிப்பீங்களோ?"

அவரை உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். மகன் யோகனைப் பத்தொன்பது வயதில் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம், அவன் திரும்பி வரவேயில்லையாம். யார் என்று அவர் சொல்லவில்லை, அந்த நாளில் யாரும் கேட்பதுமில்லை. செத்தானா என்று நான் கேட்க முதல், அவரே சொன்னார். "செத்தவன் எண்டு நான் சொல்லல்ல. மரணச் சேட்டிபிக்கட் எடுக்கச் சொல்லுறாங்க, எனக்கு அது ஒண்ணா, எடுக்கமாட்டன். அவன்ட பேர நாலு பேருக்கு முன்னால வைக்க ஒரு இடம் இல்ல மனே. அதுக்குத்தான் வந்த."

மாஸ்டர் கேட்டுவிட்டு, மாட்டேன் என்றார். நிகழ்ச்சிக்கு அதிகாரிகளிடம் அனுமதி எடுக்கும்போது பேர்ப் பட்டியலும் கொடுத்தாயிற்று. இனி ஒரு பேர் கூடினால் யாருடையது, எப்படிப் போனவன் என்று கேள்வி வரும். பாண்டையே நிறுத்திவிடுவார்கள். உனக்கு அரசாங்க உத்தியோகம், உனக்கேன் இந்த வேலை என்றும் கேட்டார். எல்லாம் நியாயம்தான். ஆனால் எனக்குள் பிடிவாதம் என்று ஒரு சனியன் இருக்கிறதே.

"பட்டியலில பேர்தானே மாஸ்டர் போகும், சுரம் போகாதே. ஒரு சுரம் எழுதித் தாங்க."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி நான் வாசிக்கமாட்டன். பிரதி எடுக்கவும் வேற ஆளப் பாருங்க."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். தலையில் அவர் கையெழுத்திலேயே 'யோகன்' என்று இருந்தது. கீழே ஒரே ஒரு சுரம், அதன் மேல் ஒரு வில்லும் புள்ளியும். வேண்டுமட்டும் நீட்டு என்று அதற்குப் பொருள்.

"எல்லாரும் நிப்பாட்டினாப் பிறகும் நீ நிப்பாட்டாத. வாய் காட்டினது நீதானே, நீயே ஊது."

"எப்ப நிப்பாட்டுற?"

"எனக்குத் தெரியா. மூச்சு இருக்குமட்டும் பார்."

அன்றிலிருந்து எனக்கு மூச்சே வேலையாகிவிட்டது. அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துப் பிடித்து எண்ணிப் பழகினேன். பக்கத்து மேசைக்காரி எனக்கு இழுப்பு நோய் என்று நினைத்துத் தூதுவளைக் கசாயம் கொண்டுவந்தாள். அதையும் குடித்தேன். இருபத்தைந்து வரை எண்ண முடிந்தது. அடுத்த கிழமை வந்த நல்லம்மா அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இருவத்தஞ்சு எண்ணுமட்டும் யோகன்ட சுரம் நிக்கும் அக்கா."

"மறுகா?" என்று கேட்டார்.

மறுகா என்றால் அதன் பிறகு. "மறுகா முடிஞ்சிரும்" என்றேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அந்தச் சுரம் நின்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு நான் என்ன செய்ய, எனக்கும் இரண்டு நுரையீரல்தானே.

மார்கழி இருபத்தாறு, பின்னேரம் நாலு மணி. முன்வரிசைச் சோபாவில் அதிகாரி ஒருவர், கேற்றடியில் துவக்குத் தூக்கிய சீருடைக்காரர் இரண்டு பேர், மற்றப்படி சனம். நல்லம்மா அக்கா நாலாவது வரிசை ஓரத்தில் இருந்தார். துள்ளல் நடையில் தொடங்கினோம். மெட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஊதி, மாஸ்டரின் கை இறங்க, எல்லோரும் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை.

அதிகாரி எழும்பி ஆடையைச் சரிசெய்தார். சத்தம் நிற்காததைக் கண்டு மறுபடி இருந்தார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து. இருபது. கண் இருட்டியது. இருபத்திமூன்றில் என் மூச்சு நடுங்கத் தொடங்கியது, முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. பயந்துபோனேன், அதுதான் உண்மை.

அப்போது இடப்பக்கத்திலிருந்து நிரோஜா அதே சுரத்தை மெல்ல எடுத்தாள். நீண்ட சுரங்களை நாங்கள் அப்படித்தான் ஊதுவோம். பக்கத்து ஆள் மூச்செடுக்கும்போது நான் ஊதுவேன், நான் எடுக்கும்போது அவள் ஊதுவாள். கேட்பவர்களுக்கு இடைவெளி தெரியாது. ஆனால் இந்தத் தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை, அவளிடம் யாரும் சொல்லியிருக்கவுமில்லை. நான் மூச்செடுத்துத் திரும்பச் சேர்ந்தேன். அவள் மூச்சு முடிய முதல் பின்னால் ஒரு ட்ரம்பெட் வந்தது. பிறகு டியூபா, அடியில். பிறகு யார் யார் என்று எனக்குத் தெரியாது. இருபத்தெட்டுப் பேரும் ஒரே சுரத்தைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்தோம். கை இரண்டையும் தொங்கப் போட்டபடி மாஸ்டர் அழுதுகொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நல்லம்மா அக்கா எழும்பி வந்தார். யாரையும் பார்க்காமல், அதிகாரிக்கு முன்னாலேயே நடந்து வந்து என் முழங்காலில் கை வைத்தார்.

"காணும் மனே. காணும்."

அவர் போதும் என்றதும் நிறுத்தினோம்.

பிறகு தேநீர் குடிக்கும்போது கேட்டேன், ஏன் அக்கா காணும் எண்டீங்க என்று. "பிள்ளையள் மூச்சுக் களைச்சுப் போச்சுதுகள். பாத்துக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவன் இல்ல எண்டு நிப்பாட்டச் சொல்லல்ல, விளங்கிற்றா?" என்றார். விளங்கிற்று என்றேன். பட்டியலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த மூன்று மார்கழியும் யோகனின் சுரத்தை வாசித்தோம். ஒவ்வொரு முறையும் அவர் எழும்பி வந்து சொல்லுமட்டும் நிறுத்தவில்லை.

நாலாவது வருடம் பாண்ட் இல்லை. மாஸ்டரை மகள் அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். நிரோஜா கலியாணம் முடித்துக் கனடா போனாள். ட்ரம்பெட்காரர் மூன்று பேரும் கட்டாரில் லொறி ஓட்டுகிறார்கள். மண்டபத்தை இடித்துக் கலியாண மண்டபம் கட்டியாயிற்று. டியூபா எங்கே போனது என்று விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

நல்லம்மா அக்கா போன வருடம் செத்துப்போனார். கடைசிவரை யோகனின் மரணச் சான்றிதழை எடுக்கவில்லை. செய்தி கேட்டதும் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பழுகாமம் போனேன். செத்த வீட்டுக்குக் கறுத்த வாத்தியப் பெட்டியோடு வந்தவளை ஊர்ச்சனம் ஒரு மாதிரித்தான் பார்த்தது. "மாமி சொல்லுவா உங்களப் பத்தி" என்று ஒரு பையன் எனக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தான்.

யோகனின் சுரத்தை எடுத்தேன். பதினெட்டு எண்ணும்போதே மூச்சு முடிந்தது. இடப்பக்கத்தில் எடுத்துக்கொள்ள ஒருவருமில்லை. சத்தம் பட்டென்று அறுந்தது, எல்லோருக்கும் கேட்டது. மூச்சு வாங்கித் திரும்ப ஊதினேன். திரும்ப அறுந்தது. அறுந்தால் அறுந்துபோகட்டும் என்று திரும்பவும் ஊதினேன். சவப்பெட்டி தூக்க வந்த ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். காணும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.