சூளைக் கேமரா பார்த்த உத்திரம்

மனைவியும் பிறந்த குழந்தையும் திட்டக்குடியிலிருந்து வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. எங்கள் ஓட்டு வீட்டின் கூடத்தில் தூளி கட்ட இரண்டு உத்திரங்கள்தான். அந்த வாரம் சுவரில் கரையான் மண் கோடு ஒன்று ஏறி, மேலே அடித்திருந்த பலகைக்குள் மறைந்திருந்தது. எந்த உத்திரத்துக்குப் போனது என்று தெரியவில்லை.

மருந்து அடிப்பவர் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டையும் தட்டினார். "பலகைய பிரிச்சாதாங்க சொல்ல முடியும்."

எங்கள் சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரர் பீங்கான் ஆலையில் சூளை பார்ப்பவர். சூளைச் சுவரில் வெப்பம் கசியும் இடத்தைக் காட்டும் கேமரா ஒன்று ஆலைக்கு வந்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்டு வாங்கி வந்தார்.

"பிரிக்கிறதெல்லாம் எதுக்கு சார்? இது காட்டிரும்."

சின்னத் திரையில், வலது உத்திரம் சுவருக்குள் நுழையும் இடம் சிவப்பாகத் தெரிந்தது. இடது உத்திரத்தின் நுனி கருநீலம்.

"பாத்தீங்களா? சூளையிலயும் இப்படித்தான், செவந்தா கோளாறு. இந்தப் பக்கம் ஜில்லுனு கெடக்குது. தாராளமா தூளி கட்டுங்க."

மருந்துக்காரர் தயங்கினார். "எனக்கு இந்த மிஷினு தெரியாதுங்க."

"தெரியலன்னா தட்டிக்கிட்டே இருங்க, தபேலா மாதிரி."

சிரித்தோம். வலது பக்கம் துளையிட்டு மருந்து ஊற்றினோம். இடது உத்திரத்தில் நானே தூளி கட்டினேன். இறந்தவரின் பெயரைக்கூட இரண்டு இடத்தில் விசாரித்து எழுதுகிற நிருபர் வேலை எனக்கு. இதை வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அவர்கள் வந்த எட்டாம் நாள் காலை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து மண் கொட்டியது. தூளி ஒரு சாண் இறங்கியது. மனைவி பாய்ந்து குழந்தையை அள்ளினாள். காயமில்லை, தலை முழுக்க மண். ஸ்டூலில் ஏறி உத்திரத்தை அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

மருந்துக்காரரைக் கூப்பிட்டேன். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். "கரையான் இருக்குற எடம் ஈரமாதாங்க இருக்கும். ஈரம் குளுந்துதானே தெரியும்?"

சிவப்பு தெரிந்த இடத்துக்கு மறுபக்கம் என்ன என்று அன்றுதான் போய்ப் பார்த்தேன். சூளைக்காரர் வீட்டு அடுப்பு. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அடுப்பையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது மனைவி குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கட்டுறதுக்கு முன்னாடி நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

மாலை இருவரையும் திட்டக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "எல்லாப் பலகையயும் பிரிச்சு, ஒங்க கண்ணால பாத்துட்டு போன் பண்ணுங்க. அப்புறம் வரேன்."