லிங்காலா படித்த ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் பட்டுக்கடைக்கு வந்திருக்கும் புது மேனேஜர் இன்று காலை ஒரு ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தார். இனிமேல் வெளியூர்க்காரர் யார் வந்தாலும் நாங்கள் வாயைத் திறக்க வேண்டாமாம், இதுவே எல்லா மொழியும் பேசுமாம். விரலால் தள்ளிக் காட்டினார். தெலுங்கு, கன்னடம், இந்தி, என்னென்னவோ. நடுவில் லிங்காலா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லிங்காலா காங்கோவில் பேசுவது. காஞ்சிபுரத்தில் புடவை விரிக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு முன்னால் தெலுங்கைச் சொல்ல வேண்டும். முகூர்த்த மாதங்களில் ஆந்திராவிலிருந்து வேன் வேனாக வருகிறவர்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். முதலில் நிறம், அப்புறம் விலை, அப்புறம் கல்யாணம் யாருக்கு என்ற விசாரிப்பு. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சண்டை வராமல் ஒரு புடவையை விற்றுவிட்டால் நான் பாஸ்.

லிங்காலாவுக்கு மாதோ வந்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் இன்ஜினியரிங் காலேஜில் படித்த காங்கோ பெண். அண்ணன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவளுக்கு எங்கள் ஆட்கள் ஒருத்தனும் ஒரு புடவை விரிக்கவில்லை. அவள் நிறத்தைப் பற்றி அசிங்கமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணா, எனக்குத் தமிழ் நல்லாவே தெரியும். பேசி முடிச்சிட்டீங்கன்னா அந்த மாம்பழக் கலரை எடுங்க."

நான் எழுந்து போய் விரித்தேன். அன்றே சினேகிதம்.

ஞாயிறானால் மார்க்கெட்டுக்குப் போவோம். நோட்டு கொண்டுபோனால் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வாள். முதலில் ஒரே ஒரு கேள்வி: "ஓயோ நினி?" இது என்ன என்று அர்த்தம். கத்திரிக்காயைத் தொட்டுக் கேள், மீனைத் தொட்டுக் கேள், மீதி மொழி தானாக வரும் என்பாள். தமிழையும் அவள் அப்படித்தான் பிடித்தாளாம், காலேஜ் பஸ்ஸில். தப்பாகப் பேசினால் திட்டமாட்டாள். சரியானதைத் தான் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போய்விடுவாள். வாரம் முழுக்கக் கேட்பதற்குத் தன் குரலை என் ஃபோனில் பதிந்து தருவாள். கடையில் புடவை மடித்துக்கொண்டே நான் முணுமுணுப்பதைப் பார்த்து ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். சில மாதங்களில் அவள் அம்மாவோடு ஃபோனில் சமையல் பேசினேன். பாதி பேச்சு, பாதி சிரிப்பு.

இப்போதும் எங்காவது கருவாடு வறுக்கிற வாசனை வந்தால் என் நாக்கில் லிங்காலா வரும். மாதோ மாடி அறையில் கருவாடு வறுப்பாள். அதைச் சாக்கிட்டுத்தான் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். நாறுகிறதாம்! அவர் வீட்டு அடுப்பில் வெள்ளிக்கிழமை தவிர தினம் நெத்திலிதான், அது மட்டும் மல்லிகைப்பூ. இரண்டு பேரும் வேறு வீடு தேடித் தெருத் தெருவாக அலைந்தோம். என்னிடம் "இருக்குதுமா" என்றவர்களே, பின்னால் நின்ற அவளைப் பார்த்ததும், சொந்தக்காரர்கள் குடிவரப் போகிறார்கள் என்றார்கள். இந்த ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

கடைசியில் அவள் சென்னைக்கே போனாள். பஸ் ஸ்டாண்டில் வழியனுப்புகிற சொல்லையும் கற்றுக்கொடுத்தாள்: "கெண்டே மலாமு." நல்லபடியாகப் போ. நான் சொல்ல மாட்டேன் என்றேன். கிளம்புகிறவளிடம் "போ" என்று நாம் சொல்வோமா?

"போய்ட்டு வர்றேன்னு சொல்லு மாதோ."

"எங்க வர்றது? வீடு யாரு குடுப்பாங்க?"

பஸ் போய்விட்டது.

அவள் குரல் இருந்த ஃபோன் கெட்டுப்போய் வருஷங்கள் ஆகின்றன. படிப்பு முடிந்து ஊருக்குப் போனவளின் நம்பரும் அதோடு போயிற்று. மார்க்கெட்டில் கத்திரிக்காயைத் தொட்டு இது என்ன என்று கேட்க ஆளில்லை. மேனேஜரின் ஃபோன் மட்டும் இருக்கிறது. இனி காங்கோவிலிருந்து எந்தப் பெண் வந்து கேட்டாலும் ஊருக்குச் சிரமமே இல்லை. வீடு காலி இல்லை என்பதை அவள் மொழியிலேயே சொல்லிவிடலாம்.