உறுதி வாசிக்கிற பிள்ளை

"உள்ளுக்கை உறுதி வாசிக்கினமோ, செபம் சொல்லுகினமோ?"

வெளி வாங்கிலில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது யன்னலால் என் காதில் விழுந்தது. உள்ளே வாசித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு கந்தோரில் எழுத்து வேலைக்குப் போகிறவர்கள் கையெழுத்து அழகாக இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டப்படிப்பை முடித்தும், எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு வேலை என்ற பேச்சையே வீட்டில் எடுக்க முடியாமல், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறியவள் நான். காணி உறுதி என்கிற அந்தப் பத்திரத்தில் ஒப்பம் வைக்குமுன் அதை இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் முழுவதும் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும், எங்கள் கந்தோரில் அது என் வேலை என்பதும் முதல் நாள்தான் தெரிந்தது. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நீங்களும் என்றால் என் நிலை விளங்கும்.

நொத்தாரிசு ஐயா நல்லவர். ஆனால் சுற்றி வளைத்துக் கதைக்காதவர். "ஒரு மாதம் பாப்பம் பிள்ளை. கடைசி வாங்கிலுக்குக் கேக்க வேணும். கேக்காட்டி நான் வேறை ஆளைத்தான் பாக்க வேணும்."

தெற்கு எல்லை

முதல் வாரம். புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவர், தான் நெடுநாளாகக் குத்தகைக்குச் செய்த காணியையே வாங்க வந்திருந்தார். உறுதியில் நாலு பக்கமும் யாருடைய காணி என்று பேர் போட்டு எழுதுவது வழக்கம். கிழக்கு, வடக்கு, மேற்கு மூன்றுக்கும் தலையாட்டியவர், தெற்கு எல்லைக்காரரின் பேரை நான் முணுமுணுத்ததும் எழும்பிவிட்டார். அதுவரை "என்ன, என்ன?" என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பேர் மட்டும் எப்படிக் கேட்டதோ! வேலிச் சண்டையில் இரண்டு பேருக்கும் பல வருடமாகப் பேச்சில்லையாம்.

"அவன்ரை பேர் என்ரை உறுதியிலை ஏறக்கூடாது, ஐயா."

"அப்ப தெற்காலை என்னத்தைப் போடுறது?" என்று ஐயா கேட்டார்.

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "கடல் எண்டு போடுங்கோ. இடையிலை ஆரும் இல்லையெண்டு நான் நினைச்சுக்கொள்ளுறன்."

இடது பெருவிரல்

பெண் தன் சீதன வளவை விற்பதென்றால் புருஷனின் சம்மதமும் உறுதியில் இருக்க வேண்டும். அது எங்கள் தேசவழமைச் சட்டம். குருநகர் றோசலின் அக்கா முத்து முத்தாக ஒப்பம் வைத்தார். அவருடைய புருஷன் கடலால் வந்த கையோடு நேரே வந்திருந்தார். நான் வாசித்ததை எல்லாம் அக்கா அவர் காதுக்குள் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஐயா சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். மூன்றாம் வாரம்.

அவருக்குக் கைநாட்டுத்தான். மூத்த லிகிதர் தருமர் அண்ணை அவருடைய இடது பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தினார். கறுத்த பொட்டு ஒன்று விழுந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை. துடைத்து அழுத்தினாலும் அதே பொட்டு. சவர்க்காரம் போட்டுக் கழுவி நாலாந்தரம் வைத்தபோதுதான் இரண்டு கோடு தெரிந்தது. மனிதர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ரேகை முழுக்கக் கயித்தோடை போயிட்டுது தங்கச்சி. வேணுமெண்டா நாளைக்கு வலையைக் கொண்டாறன், அதிலை பதிஞ்சிருக்கும்."

பத்தரைக்குள்

ஐயா தந்த மாதம் முடிய இரண்டு நாள். வெள்ளிக்கிழமை. அளவெட்டியிலிருந்து ஒரு சீதன உறுதிக்காக வந்திருந்தார்கள். பெண், தாய், தகப்பன், மாப்பிள்ளையின் மாமன். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒப்பம் வைத்தாக வேண்டும்.

உறுதியைத் தட்டெழுதியது நான்தான். வீடு, மா, பலா, பனை, வடலி என்று வாசித்து வந்தேன். அதோடு முடிந்தது. பழைய உறுதியில் அதற்கடுத்து, பங்குக் கிணற்றில் மூன்றிலொரு பங்கும் தண்ணீர் அள்ளப் போகும் வழியும் என்று ஒரு வரி இருந்தது. நான் அதைத் தாண்டி அடித்திருக்கிறேன். அந்த வரி ஏறாவிட்டால் கிணற்றுப் பங்கு தகப்பன் பேரிலேயே நின்றுவிடும். பெண்ணுக்கு வளவு இருக்கும், தண்ணீர் இருக்காது. சொன்னால், பிழை என்னுடையது. அதுவும் இந்த நேரத்தில். அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஐயாவின் கண் மணிக்கூட்டில் இருந்தது. தகப்பன் பேனை மூடியைக் கழற்றினார்.

"ஒப்பம் வையாதேங்கோ!"

வெளி வாங்கிலில் இருந்தவர்கள் எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். "கிணறு விடுபட்டுப் போச்சு ஐயா. நான்தான் விட்டனான்."

தாய் தலையில் கை வைத்தார். "ஐயோ, என்ரை பிள்ளை வாளியும் கையுமா ஆரின்ரை வளவுக்கை போய் நிக்கிறது?"

"பத்து இருபத்தொண்டு" என்றார் மாப்பிள்ளையின் மாமன்.

ஐயா அந்த வரியை இடையில் எழுதி, எல்லாரையும் அதனருகே ஒப்பம் வைக்கச் சொன்னார். கடைசிச் சாட்சி பேனையைக் கீழே வைத்தபோது பத்து இருபத்தெட்டு.

அவர்கள் போனபின் ஐயா மேசை லாச்சியை இழுத்தார். என் வேலையைக் கேட்டு வேறு ஆட்கள் எழுதிய விண்ணப்பங்கள் அதற்குள் ஒரு கட்டாகக் கிடந்தன. தாளுக்குத் தட்டுப்பாடான காலம் அது. அவர் கட்டை அவிழ்த்து, பின்பக்கம் வெறுமையான தாள்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்து, தட்டெழுதுமுன் நகல் எழுதிப் பார்க்கவென்று என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.