கடல் பார்க்க உளுந்தூர்பேட்டையில் ரூம் போட்டவன்

கடலோரம் சுற்றிப் பார்க்கப் போகிறவன் எந்த ஊரில் தங்கவேண்டும் என்று கேட்டிருந்தால், போன வருஷம் வரை உளுந்தூர்பேட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். உளுந்தூர்பேட்டையில் கடல் இல்லையே என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவதும், டீக்கடையில் நின்று கதை பேசுகிற டிரைவரை விசிலடித்துக் கிளப்புவதும்தான் என் வேலை. அதனால் ஓர் ஊர் வசதியான ஊரா இல்லையா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. அங்கே எத்தனை வண்டி நிற்கும்? என்னை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதானாலும் நிலம் வாங்குவதானாலும் முதல் கேள்வி பஸ் வசதி எப்படி என்பதுதான்.

மனைவி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கு அப்பால் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். மலை வண்டியில் நான் கண்டக்டராகப் போன காலத்தில் பார்த்துப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தவன், பெரிய ராஜா மாதிரி, "இன்னா வேணும், கேளு" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "தண்ணியிலருந்து சூரியன் ஏறி வரத ஒரு தபா பாக்கணும். எங்க மலையில அது கண்ணுல படறதுக்குள்ள பாதி தூரம் ஏறிடுது. அடியிலருந்து பாக்கணும்ங்க" என்றாள். கடலை அவள் அதுவரை பார்த்ததே ஒருமுறைதான். அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வேன் கண்ணாடி வழியாக.

அவ்வளவுதானே என்று காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் கோடு போட ஆரம்பித்தேன். புதுச்சேரியில் தங்கினால் வாடகை ஜாஸ்தி. சிதம்பரத்தில் தங்கினால் புதுச்சேரி தூரம். கடலூரில் தங்கினால் நம் ஊருக்குத் திரும்ப பண்ருட்டியில் வண்டி மாறவேண்டும். உளுந்தூர்பேட்டை என்றால் சென்னை ரோடும் திருச்சி ரோடும் கையில். விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி, பண்ருட்டி வழியாகக் கடலூர், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம். வாடகையும் கம்மி. ஐந்து நாளைக்கு ஒரே ரூம், தினம் ஒரு கடல். தாளை அவளிடம் நீட்டியபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

"இதுல கடல் எங்க இருக்குது?" என்றாள்.

"எல்லாப் பக்கமும் இருக்குது."

"உளுந்தூர்பேட்டைல?"

"அங்க எதுக்கு? அங்க பஸ் இருக்குது."

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நான் பிடித்த லாட்ஜ் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் லாரி, மூடினாலும் லாரி. கீழே புரோட்டா தட்டுகிற சத்தம் ஓயவே ஓயாது. எனக்கு அது தாலாட்டு. அவள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். சமாதானப்படுத்தலாம் என்று, "கண்ண மூடிக்கினு கேளு, அலை சத்தம் மாதிரியே இருக்குதுல்ல?" என்றேன்.

"அலை ஆரன் அடிக்காதுங்க" என்றாள்.

முதல் நாள் புதுச்சேரி. விழுப்புரத்தில் வண்டி மாறி, கடற்கரை ரோட்டில் போய் நிற்கும்போது மணி பத்தரை. வெயில் மண்டையைப் பிளந்தது. சூரியன் தண்ணீரிலிருந்து ஏறி, அதன் வேலையை முடித்து, எங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. அரை மணி நேரத்தில் நான் வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்றே காலுக்கு ஒரு வண்டி இருந்தது, அதைப் பிடித்தால் விழுப்புரத்தில் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அவளே கேட்டாள். "சூரியன் வரத்துக்குள்ள போய்ச் சேரணும்னா எப்ப கெளம்பணும்?"

மறுபடியும் காலண்டர் தாளை எடுத்தேன். விடிவதற்கு வெகு முன்னால் எழுந்து, பண்ருட்டியில் மாறி, கடலூர் போய்விடலாம். அங்கிருந்து கடற்கரைக்குப் போகிற டவுன் பஸ்ஸில்தான் சிக்கல். முதல் வண்டியே ஆறு மணிக்குத்தான். "எல்லாம் சேத்து ஒரு பதினஞ்சு நிமிஷம்தான் லேட்டு" என்றேன்.

"பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வர சூரியன நம்ம வூட்லயே பாத்துக்கலாமே."

"சூரியனுக்கு நான் இன்னா பண்றது? வேற நேரத்துல வரச் சொல்லவா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. கணக்கு தப்பாகிறபோதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆட்டோவில் போகலாமே என்று அவள் சொன்னதற்கும் குதித்தேன். பஸ் ஓடுகிற ரோட்டில் பஸ்காரன் ஆட்டோவில் போவதா?

இரண்டாம் நாள் சிதம்பரம் போய், அங்கிருந்து பிச்சாவரம். படகில் ஏறும்போது நடுப்பகல் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. நிழலாக, குளுகுளுவென்று அழகாகத்தான் இருந்தது. அவள் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தாள். "கடல் எங்க தம்பி?" என்று படகுக்காரரைக் கேட்டாள். அவர் துடுப்பால் எங்கோ தூரத்தில் காட்டி, அங்கே போவதானால் காலையிலேயே வந்திருக்கவேண்டும் என்றார். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மூன்றாம் நாள் கடலூர். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பதினோரு மணிக்கு இறங்கினோம். மணலில் மீன் வறுத்து விற்கிற கடை ஒன்று இருந்தது. தென்னங்கீற்றுப் பந்தல், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கடை நடத்துகிற அம்மாவுக்கு என் மனைவி வயதுதான் இருக்கும். நாங்கள் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து, "ரெண்டு மணி வண்டிக்குப் போனா செரியா இருக்கும்" என்றேன்.

"நான் வரல" என்றாள்.

"எங்க வரல?"

"உளுந்தூர்பேட்டைக்கு. நீங்க போய்ப் பையெல்லாம் எடுத்துக்கினு வாங்க. நான் இங்கயே ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"அஞ்சு நாளைக்குப் பேசி ரூம் போட்டிருக்குதும்மா!"

"அந்த ரூம்ல லாரி தங்கட்டும். நான் கடல் பாக்க வந்தேன்."

நான் கத்தினேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். தெரியாத ஊரில் தனியாக எப்படி விட்டுப் போவது என்றேன், எங்கே தங்குவது என்றேன். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மலைக்காரி உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான் என்று எனக்குத் தெரியும்.

கடைக்கார அம்மா வாணலியிலிருந்து நிமிர்ந்து, "எங்க வூட்டு மாடில ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது, அண்ணே. நீங்க போயிட்டு வாங்க, அக்காவ நான் பாத்துக்கறேன்" என்றார். வாடகை கேட்டேன். உளுந்தூர்பேட்டையைவிடக் கம்மி. அதைக் கேட்டதும் இன்னும் எரிச்சலாகிவிட்டது.

தனியாகப் போனேன். மூன்று மணி நேரம் போக, மூன்று மணி நேரம் வர. லாட்ஜ் மானேஜர், "அம்மா எங்க சார்?" என்று கேட்டார். "கடலோரம் விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் தனியாக என்ன செய்துகொண்டிருப்பாளோ என்று பயம். பண்ருட்டியில் வண்டி கிளம்ப நேரமானது. அந்த டைம் கீப்பரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வந்து பார்த்தால், அவள் பந்தலில் உட்கார்ந்து மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருக்கிறாள். சாமைச் சோற்றுக்கு மீன் குழம்பு எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் பேச்சு. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? மாத்திர டப்பாவ எடுத்தீங்களா?" என்றாள். எடுத்திருந்தேன். பயந்ததை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கி இருநூறு அடி நடந்தோம். வண்டி இல்லை, மாறுவது இல்லை. மணல் ஈரமாக, சில்லென்று இருந்தது. படகுகள் நாலைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. வானம் வெளுத்து, சிவந்து, கடைசியில் தண்ணீரின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. அது மெல்ல மெல்ல ஏறி, முழுசாக வெளியே வந்து தண்ணீரை விட்டு நீங்குகிற வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். முப்பது வருஷம் மணி பார்த்தவன், அது எத்தனை மணிக்கு என்று பார்க்க மறந்துவிட்டேன்.

அப்புறம் அவள் சொன்னாள். "கட்டிக்கினு வந்ததுலருந்து, தெனம் சூரியன் வரப்ப நீங்க பஸ் ஸ்டாண்டுல இருப்பீங்க. நான் வாசல் தெளிச்சிக்கினு தனியா பாப்பேன். ரெண்டு பேருமா பாக்கறது இதாங்க மொத தபா."

குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது. காலை ஷிப்டை யாரும் என் தலையில் கட்டவில்லை. காலை வண்டிகள் ஒழுங்காகக் கிளம்பினால்தான் அன்றைய நாளே ஒழுங்காக ஓடும் என்று, அத்தனை வருஷமும் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது அது. மேலதிகாரி போடுகிறார் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அங்கே நின்றபடியே அவளிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காத மாதிரி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கும் இருந்து பாத்துட்டுப் போலாங்க" என்றாள். நாங்கள் எட்டு நாள் இருந்தோம்.