வெட்டிவேர்த் தட்டியோடு பம்பாய்க்கு

1986 மே மாதம் முதல் தடவையாகப் பம்பாய் போனேன். ஊர் பார்க்கும் ஆசை நெஞ்சு நிறைய இருந்தது என்றாலும், போனதற்குக் காரணம் அக்கா. தாராவியில் தகரக் கூரை வீடு, வயிற்றில் எட்டு மாதம். வெக்கையில் பத்து நாளாகக் கண்ணே மூடவில்லை என்று எழுதியிருந்தாள். இப்படியே போனால் பிரஷர் ஏறும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ரயில் ஏறி ஊருக்கு வரவும் கூடாது. அவள் வர முடியாதென்றால் பாளையங்கோட்டைக் குளிர்ச்சியை நானே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். ஜன்னலில் கட்டித் தண்ணீர் ஊற்றினால் அனல் காற்றைக் குளிரவைக்கும் வெட்டிவேர்த் தட்டி ஒன்றை முப்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கி, பாய் மாதிரி சுருட்டிக் கட்டிக்கொண்டேன்.

மதராஸில் இரவு பத்தரைக்கு ரயில். மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு ராய்ச்சூர். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிறது. வியர்வை வந்த தடமே தெரியாமல் காய்ந்து, சட்டையில் உப்பு மட்டும் மிஞ்சுகிறது. எதிர் சீட்டுக்காரர் துண்டை நனைத்து ஜன்னலில் கட்டினார். அடடா, அடுத்த நிமிடமே குளுகுளுவென்று காற்று! கால் மணிக்கொரு தடவை துண்டு காய்ந்துபோகும், மறுபடி நனைப்போம். குல்பர்கா, சோலாப்பூர் வரை இதே வேலை. மேலே கிடந்த தட்டியைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடிகாலை கல்யாணில் விழித்தபோது முகம் பிசுபிசுத்தது. புனேயில் படுக்கும்போது நனைத்துக் கட்டிய துண்டு அப்படியே ஈரமாகத் தொங்கியது. அதைக் கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை. தாதரில் இறங்கி, லோக்கலில் இரண்டாவது ஸ்டேஷன் சயான். அங்கிருந்து தாராவிக்கு நடை. காலை ஆறு மணிக்கே பனியன் முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனால் அந்தக் கூட்டமும் வேகமும்! தமிழ்ப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனேன்.

அத்தானுக்குச் செம்பூரில் ஃபாக்டரி வேலை. ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டார். அவரும் நம்மூர்தானே, அனல் உள்ளே வரக் கூடாதென்று மேற்கு ஜன்னலில் தகரம் வைத்து அடித்திருந்தார். நான் வாசலில் தட்டியைக் கட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, ஃபேனைச் சுழலவிட்டு, இருந்த இடுக்கிலெல்லாம் துணியை அடைத்தேன். முதலில் கமகமவென்று மணந்தது. அரை மணியில் வீடு இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது. தண்ணீர் போதவில்லை போலும் என்று இன்னொரு குடம் ஊற்றினேன்.

"மூச்சு முட்டுதுல தம்பி" என்று அக்கா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் பதறிக் கத்தினேன்.

பக்கத்து அறையில் தோல் பை தைக்கும் காதர் பாய் ஓடி வந்தார். மேலப்பாளையத்துக்காரர். உள்ளே எட்டிப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இங்க காத்துலயே தண்ணி கெடக்கு. பசை போட்டு ஒட்டுன தோலே எனக்குக் காய மாட்டேங்கு, நீ இன்னும் ஊத்துதியே. நம்மூர்ல அடைக்கணும் தம்பி, இங்க தொறக்கணும்."

தட்டியை அவிழ்த்தார். ஜன்னல் தகரத்தைக் குறடு போட்டுப் பிடுங்கினார். பன்னிரண்டு மணிவாக்கில் கடல் காற்று கிளம்பி, ஜன்னலில் நுழைந்து வாசல் வழியாகப் போக ஆரம்பித்தது. அந்த வழியிலேயே பாயைப் போட்டு அக்கா சாய்ந்தாள்.

ஒரு மணிக்குக் கண் மூடியவள் ஐந்தரைக்குத்தான் எழுந்தாள். பம்பாய் பார்க்க வந்த நான் நாலரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்து, சத்தமாகப் பேசிப் போகிறவர்களையெல்லாம் கையைக் காட்டி அடக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பயணத்தில் அவ்வளவு சந்தோஷம் வேறெங்கும் கிடைக்கவில்லை. சாயங்காலம் அத்தான் மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கித் தந்தார். தட்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, தகரத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை.

மே மாதத்தில் இந்த வழியாகப் போகிறவர்கள் சோலாப்பூர் வரை துண்டை நனையுங்கள். புனே வந்ததும் பிழிந்து உதறி வைத்துவிடுங்கள். பம்பாய்க்கு இரண்டு பனியன் கூடுதலாக வேண்டும், துவைத்தது லேசில் காயாது. அறை எடுப்பதாக இருந்தால் எதிரெதிரே ஜன்னல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜூனில் மழை இறங்கியபின் அக்காவுக்குச் சுகமாகப் பெண் பிறந்தது. அந்தப் பெண் இப்போதும் கோடையில் பாளையங்கோட்டைக்கு வந்தால், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே எல்லா ஜன்னலையும் திறக்கிறாள். அனல் அடிக்கும் என்று நான் மூடப் போனால், "காத்து இல்லாம எப்பிடி மாமா தூங்குறது?" என்கிறாள். நான் வாதாடுவதில்லை. திறந்த ஜன்னலில் ஒரு தட்டியைக் கட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். அவளும் அம்மாவைப் போலவே ஐந்தரை வரை தூங்குகிறாள்.