கட்டன் சாயா அணி

என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் இப்போதெல்லாம் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை. பத்தொன்பது வயதுப் பெண். "சூடில்லம்மா, போங்க" என்று தூக்கத்திலேயே என் கையைத் தட்டிவிடுவாள். நெற்றி குளிர்ந்திருந்தால்தான் எனக்கு அன்றைய நாள் ஓடும்.

மழைக்காலத்தில் எங்கள் மட்டாஞ்சேரிச் சந்துகளில் மழைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றாகிவிடும். கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி, அவளும் அடுத்த சந்துத் தோழியும் அந்தத் தண்ணீரில்தான் நடந்து வருவார்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு வருவார்கள். இந்த ஆண்டு மழையிலும் அப்படித்தான் வந்தார்கள். தோழியின் காலில் செருப்புக் கடித்த புண் இருந்திருக்கிறது. சில நாளில் காய்ச்சல், கால் வலி, கண் சிவப்பு. எலிக்காய்ச்சல் என்று தெரிந்து சிகிச்சை தொடங்கியும் அவள் வீடு திரும்பவில்லை. அதே தண்ணீரில்தான் என் மகளும் நடந்தாள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

இரண்டு பேரும் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இங்கே பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ்தான். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் அது எனக்குத் தெரியும். கடைகளிலும் கம்பெனிகளிலும் இருக்கிற விண்டோஸை இந்தப் பிள்ளைகள் பிறகுதான் பார்க்கிறார்கள். அந்தத் தோழிக்கு லினக்ஸ் மேல் ஒரு பித்து. மாமா தூக்கிப்போட இருந்த பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, தூசு தட்டி, லினக்ஸ் ஏற்றி, மூடியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர் ஒட்டி என் மகளுக்குக் கொடுத்தாள். லினக்ஸிலேயே இருவரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரு கேம் விளையாடுவார்கள். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டிய விளையாட்டு. இரண்டு பேர் கொண்ட அணி. அணியின் பெயர் 'கட்டன் சாயா'. பாலில்லாத டீ. பரீட்சைக் காலத்தில் இருவரும் அதைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சமையலறையில் நிற்கும்போது பக்கத்து அறையிலிருந்து சத்தம் வரும். "வலத்தோட்டு, வலத்தோட்டு! எடீ மண்டி, மக்கே, உன் வலது கை எதுன்னு மறந்து போச்சா?" லேப்டாப் வழியாக அந்தப் பிள்ளை கத்தும். என் மகள் பதிலுக்குக் கத்துவாள். நான் சுவரைத் தட்டுவேன்.

ஆலுவாவில் இருக்கிற என் அக்கா மகன் வரும்போதெல்லாம் இவர்களை வம்புக்கு இழுப்பான். அவன் விண்டோஸ்காரன். "உங்களுக்காக எவன்டீ கேம் உண்டாக்குவான்? ஒரு ஊரே வெளையாடுறப்ப அதுல நீங்க ரெண்டு பேரு."

"சத்யை விருந்துக்கு ரெண்டு பேரு கூடுதலா வந்தா எலை போட மாட்டீங்களா சேட்டா?" என்று கேட்டாள் தோழி.

"எலை போடலாம். ரெண்டு பேருக்காகத் தனி அடுப்பு மூட்டணும்னா மாட்டோம்."

"பட்டினி கெடந்தாலும் உங்க பந்தியில வந்து உக்கார மாட்டோம், போங்க."

என் மகள் அதற்கு மேலே போனாள். "செத்தாலும் விண்டோஸ்ல வெளையாட மாட்டோம்" என்றாள். இருவரும் கையில் கை அடித்துக்கொண்டார்கள். நான் அப்போது அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

தோழி போன பிறகும் என் மகள் அந்த கேமைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். அதில் ஒரு விதி உண்டு. இரண்டு பேரில் ஒருவராவது ஒரு சீசனுக்கு ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும். யாரும் வராவிட்டால் அணி கலைந்துவிடும், பெயர்களும் போய்விடும். அதற்காகத் தனியாக ஒரு ஆட்டம் ஆடுவாள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மவுஸ் சத்தம் மட்டும்தான். சத்தம் போடாதே என்று தட்டிய அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஓணம் முடிந்து கொஞ்ச நாளில் கேம் கம்பெனி ஓர் அறிவிப்பு போட்டது. இனி லினக்ஸில் கேம் ஓடாதாம். அங்கே ஆட்கள் குறைவு. ஏமாற்றி விளையாடுகிறவர்கள் அதில் ஒளிந்துகொள்கிறார்கள், எங்களால் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். என் மகள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மூடியைச் சாத்தினாள். அன்று இரவு சோறு வேண்டாம் என்றாள்.

அவளுடைய அப்பா யோசனை சொன்னார். "அதுக்கென்ன மோளே, ஆலுவால போய் அண்ணன் கம்ப்யூட்டர்ல ஆடிட்டு வா. உன் பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அங்கயும் எடுக்கும்ல?"

"எடுக்கும்பா."

"பின்ன என்ன?"

"அவ வரமாட்டேன்னு சொன்ன எடம் அது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போவாள், வருவாள், படுப்பாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எனக்கு வேறு பயங்கள் வரத் தொடங்கின. குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவருகே நின்று, "ஷாம்பூ இருக்காடீ?" என்று கேட்பேன். அவளுக்கும் புரிந்திருக்கும். "இருக்கும்மா, நானும் இருக்கேன்" என்று ஒரு நாள் உள்ளேயிருந்து சொன்னாள்.

எங்கள் பகுதி வாயனசாலையில், அதாவது படிப்பகத்தில், ஆண்டு விழாவுக்கு இளைஞர்களின் விவாதம் ஒன்று வைப்பது வழக்கம். தலைப்பு தரச் சொல்லி செயலாளர் கேட்டபோது இவள் தந்திருக்கிறாள்: 'வீடியோ கேம்கள் எல்லா இயங்குதளங்களிலும் ஓட வேண்டுமா?' பேசவும் பெயர் கொடுத்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபத்தையாவது வெளியில் கொட்டட்டும் என்று நினைத்தேன்.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அங்கே சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ஸ்டீல் டம்ளரிலிருந்து இவள் எடுத்த சீட்டில் 'வேண்டியதில்லை' என்று இருந்தது. நான் எழுந்துபோய் செயலாளரிடம் மெதுவாக, "சேட்டா, மாத்திக் கொடுக்கக் கூடாதா? அவளுக்கு..." என்றேன்.

"அதானே சேச்சி இதோட ரசம். மனசில உள்ளதைப் பேச யாருக்கும் ஆகும்."

"வேண்டாம்மா, பேசுறேன்" என்றாள் என் மகள். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் தோழியின் அம்மா வந்து உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தலைப்பைக் கேள்விப்பட்டு, தன் பெண் பேசிக்கொண்டே இருந்த விஷயமாயிற்றே என்று வந்திருக்கிறாள். இப்போதெல்லாம் வழியில் பார்த்தால் அவள் முதலில் பார்ப்பது என் மகளின் கால்களைத்தான். அந்த நேரத்தில் நான் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

இடக்கொச்சியிலிருந்து வந்த ஒரு பையன் முதலில் பேசினான். "இல்லாத ஒண்ணை நாங்க கேக்கல. போன மாசம் வரைக்கும் ஓடினது. இருந்ததை எடுத்துட்டாங்க. அதைத் திருப்பிக் கேக்கிறது தப்பா?" நல்ல கைதட்டல். என் மகளுக்காக அவன் பேசுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு அவள் எழுந்தாள். மலையாளத்தில்தான் பேசினாள். அவளுக்கு அதுதான் கை வந்த மொழி. நான் தமிழில் எழுதுகிற இதை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

"எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் எங்களுக்கு இதன்மேல் பிரியம். கம்பெனிக்கு அந்தப் பிரியத்தில் பங்கு கிடையாது. கேம் ஓடும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அங்கே ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். கொஞ்சம் பேருக்காக எத்தனை காலம் உட்காருவார்? இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்கிறார் நண்பர். இருப்பது போகும். எல்லோருக்கும் போகும்."

அதுவரை, சீட்டு எடுத்த பிறகு அவசரமாகக் குறித்த தாளைப் பார்த்துப் பேசியவள் தாளைக் கீழே வைத்தாள்.

"என் அணியில் இரண்டு பேர். ஒருத்தி இனி வரமாட்டாள். நானும் போகாவிட்டால் இந்தச் சீசனோடு அணி கலைந்துவிடும். அவள் பெயரும் போய்விடும். அதற்காக அவர்கள் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கலாமா? ஆளில்லாத வீட்டுக்கு யாராவது கரண்ட் பில் கட்டிக்கொண்டே இருப்பார்களா? கேட்கக் கூடாது. நான் கேட்க மாட்டேன்."

நேரம் முடிந்த மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என் கைகள் மடியிலேயே இருந்தன. முதல் பரிசு அவளுக்குத்தான்.

வெளியே படியில் தோழியின் அம்மா காத்திருந்தாள். "மோளே, நல்லாப் பேசினே. அவளாயிருந்தா எழுந்து வந்து உன்னை அடிச்சிருப்பா" என்றாள். என் மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பேரு போயிடும்னு சொன்னியே. அவ பேரு இப்பவும் எங்கயாவது இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி."

"எப்போ வரைக்கும்?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும்."

"ஒரு தடவை எனக்குக் காட்டுவியா?"

மறுநாள் மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூடியில் இருந்த பென்குயினை விரலால் தடவினாள். "இதே மாதிரி ஒண்ணு எங்க ஃபிரிட்ஜிலயும் ஒட்டி வச்சிருக்கா" என்றாள். என் மகள் கேமைத் திறந்தாள். கறுப்புத் திரையில் அந்த அறிவிப்பு மட்டும் வந்து நின்றது. அந்த ஆங்கில வரிகளை அந்த அம்மா மெதுவாக, உதடசைத்துப் படித்தாள்.

"இதுல தொறக்காது, அல்லே?"

"தொறக்காது ஆன்ட்டி."

"வேற எதுல தொறக்கும்?"

என் மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதாவது சொல்லி நடுவில் புகுந்துவிட வேண்டும் போலிருந்தது. "விண்டோஸ்ல" என்றாள் கடைசியில்.

"அப்போ வா, போகலாம்."

என் மகள் மூடியைச் சாத்தினாள். துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

தோப்பும்படியில் ஒரு மொபைல் கடைக்கு மேலே கேமிங் சென்டர் இருக்கிறது. ஹெட்போன் மாட்டிய பையன்கள் நடுவே நாங்கள் மூன்று பெண்கள். "என்ன ஆன்ட்டி, பேரன்ட்ஸ் மீட்டிங்கா?" என்றான் கடைக்காரப் பையன். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை திறந்தது. மேலே 'கட்டன் சாயா'. கீழே இரண்டு உருவங்கள். ஒன்று வெளிச்சமாக, இன்னொன்று மங்கலாக. மங்கலான உருவம் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தது. அதன் காலடியில் பெயர்.

"இந்தக் கோட்டு யாரு எடுத்துக் கொடுத்தது?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"அவளே எடுத்ததுதான் ஆன்ட்டி."

"நான் வாங்கிக் கொடுத்ததை ஒரு நாளும் போட மாட்டா" என்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோளில் கை வைத்தேன். அந்தச் சாவுக்குப் பிறகு நான் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் தொடங்கியது. விமானத்திலிருந்து உருவம் குதித்தது. "அவ எங்கே?" என்று பதறினாள் அந்த அம்மா.

"இதுல நான் மட்டும்தான் ஆன்ட்டி."

கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ யாரோ சுட, என் மகள் தோற்றுப்போனாள். வழக்கமாகத் தோற்றால் மேசையில் குத்துவாள். இப்போது ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். "இந்தச் சீசனுக்கு ஆச்சு" என்றாள்.

"அடுத்தது எப்போ?"

"மார்ச்சுல."

"என்னையும் கூப்பிடு."

திரும்பும்போது கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் எங்கள் சந்து முனையில் ஏறி நின்றது. கணுக்கால் அளவுதான் இருக்கும். என் மகள் பழக்கத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த கையை விடவில்லை. மூன்று பேரும் திரும்பி, பஜார் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.