கைவிடவும்

பெயின்டர் நல்லுசாமியின் எழுத்து அழகாக இருக்கும். இடைவெளிதான் அவருக்கு வராது. பலகையைக் கண்ணாலேயே அளந்துவிட்டு ஆரம்பிப்பார். பாதியில் இடம் போதாது என்று தெரிந்ததும் எழுத்துகளை நெருக்கிக்கொண்டு போவார். பெட்டிக்கு மேலே மாட்டிய பலகையில் 'இதற்குள் கை விடவும்' என்று வர வேண்டியது, அப்படித்தான் 'இதற்குள் கைவிடவும்' என்று வந்தது.

சிங்காரவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு.

"கைய விடச் சொன்னா கைவிடச் சொல்லியிருக்கியேய்யா."

"நீங்க வாத்தியாரு, சேத்துப் படிக்கிறீங்க. புள்ளைங்க எழுத்துக்கூட்டித்தானே படிக்கும்? அதுங்களுக்குச் சரியா வரும் சார்."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆரோக்கியசெல்வத்துக்குச் சிரிப்பு வந்தது. இடது கையால் பிடித்திருந்தான். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

அது 2001. அரியலூர் தனி மாவட்டமான புதிது. ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையின் குடியிருப்பை ஒட்டிப் பூட்டிக் கிடந்த கேன்டீனை வெள்ளையடித்து, ஆலைக்காரர்களே சிறுவர் அறிவியல் கூடம் என்று திறந்தார்கள். மிதித்தால் பல்பு எரியும் சைக்கிள் ஒன்று. தரைக்கடியில் ஓடும் ஒரு குழாய்; இந்த மூலையில் கிசுகிசுத்தால் அந்த மூலையில் கேட்கும். ஆளைக் குண்டாகவும் ஒல்லியாகவும் காட்டும் கண்ணாடிகள். ஒரு மணல் தொட்டி. கிளறினால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைத்த, கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் அகப்படும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிள்ளைகள் நம்பாது. "குடிக்கவே தண்ணி இல்ல, கடலாம்" என்று ஒருத்தன் சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியாக அந்தப் பெட்டி. பக்கவாட்டில் வட்டமாக ஓர் ஓட்டை, ஓட்டைக்குக் கறுப்புத் துணி. உள்ளே கையை விட்டுத் தடவி, பார்க்காமலே என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். தேங்காய் நார், காய்ந்த பீர்க்கங்கூடு, ஈர ஸ்பாஞ்சு, கல் நத்தை. காலையில் வந்து பெட்டிக்குள் இருப்பதை மாற்றி வைப்பது ஆரோக்கியசெல்வத்தின் வேலை. சைக்கிள் செயினைப் பார்ப்பது, மணலைச் சலிப்பது, பிள்ளைகளை வரிசையில் விடுவது எல்லாமும் அவன்தான்.

கூடம் முழுக்க ஒரே வாசகம்: தொட்டுப் பாருங்கள். அதற்கு முன் அவன் கூலியாக இருந்தது அதே ஆலைக்குள். அங்கே சுவருக்குச் சுவர் மண்டையோட்டுப் படம் போட்டு எழுதியிருந்தது வேறு: தொடாதே.

1998இல் கல் போகும் பெல்ட்டில் ஒரு கல் சிக்கியது. எடுத்துவிடு என்றார் மேஸ்திரி. பெல்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை; நிறுத்தினால் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆரோக்கியசெல்வம் எடுத்தான். விசாரணையில், நான் சொல்லவே இல்லை என்றார் மேஸ்திரி. இவன்மேல் சாராய வாடை வந்தது என்றும் சொன்னார். அவன் குடிப்பவன் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எட்டாவது படித்து, எங்கும் கையெழுத்தே போட்டுவந்தவன், அவர்கள் கொண்டுவந்து வாசித்துக் காட்டிய காகிதத்தில் இடது பெருவிரலை உருட்டினான்.

ஏலாக்குறிச்சி கோயிலில் அவன் மனைவி பாத்திமா மேரி, வெள்ளித் தகட்டில் செய்த கை ஒன்றை வாங்கி மாதாவுக்குச் செலுத்தினாள். வலதா இடதா என்று கடைக்காரர் கேட்டாராம். இவள் எதுவென்று சொன்னதும், கையில் எடுத்த தகட்டையே புரட்டிப் போட்டுக் கொடுத்தாராம்.

"எந்தக் கைக்கு வேண்டிக்கிட்ட? போனதுக்கா, இருக்கறதுக்கா?" என்று கேட்டான்.

"போனதுக்கு என்ன வேண்டுதல் கெடக்கு?" என்றாள் அவள்.

கூடம் திறந்தபோது ஆலையில் அவனைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார்கள். கை போனதற்கு அதுதான் ஈடு என்று அவர்களும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டான். வலது பக்கச் சட்டைக்கையின் நுனியை பேன்ட் பைக்குள் செருகிக்கொண்டால் சட்டென்று தெரியாது.

பிள்ளைகள் அவனை சார் என்று கூப்பிட்டன. ஆலையில் அவன் ஏய், யோவ், இந்தாப்பா என்றெல்லாம் இருந்திருக்கிறான், சார் ஆனதில்லை. முதல் நாள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எட்டு வயது மகள் ஜெனிதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கொஞ்ச நாளைக்கு, "சார், சாப்புட வாங்க சார்", "சார், அம்மா கூப்புடுறாங்க சார்" என்று அதுவே விளையாட்டாக இருந்தது. அவனும் வாத்தியார் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு போய் உட்காருவான். இந்த வேலை மட்டும் போய்விடக் கூடாது என்று அவனுக்கு இருந்தது. வேறொன்றையும் அவன் அந்த அளவுக்கு விரும்பியதில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், வாலிகண்டபுரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். சைக்கிளில் ஏறினார்கள். கண்ணாடி முன்னால் இளித்தார்கள். பெட்டிப் பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை.

"வாங்க. கைய விட்டுப் பாருங்க."

இருந்தவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் போனார்கள். முன்னால் மாட்டிக்கொண்ட சிறுமி சொன்னாள்: "மாட்டேன் சார். கடிச்சிரும்."

"எது, பெட்டியா கடிக்கும்?"

"உங்க கையத் தின்னுடுச்சுல்ல சார்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பேன்ட் பைக்குள் செருகியிருந்த சட்டைக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பையன் பலகையை உரக்கப் படித்தான். "இதற்குள் கைவிடவும். கைய உள்ள விட்டுட்டு ஆளு மட்டும் வரணும்டா டேய்."

அடுத்து வந்த பள்ளிக்கும் கதை தெரிந்திருந்தது. அதற்கடுத்ததற்கும். ஒரு பையனை டீச்சர் கையைப் பிடித்து உள்ளே விட வைத்தார். துணி பட்டதும் அலறினான். அவனுக்கு அன்று காய்ச்சல் கண்டது. அவனுடைய அப்பா ஆலை ஆபீஸுக்கே போய்ச் சத்தம் போட்டார்.

சிங்காரவேலு அவனை உட்காரச் சொன்னார்.

"ஆள மாத்தச் சொல்றாங்க, செல்வம். உன்ன லாரி வர்ற கேட்டுல காவலுக்குப் போட்டுடலாம்னு."

அவன் சட்டைக்கையின் நுனியைப் பைக்குள் இன்னும் ஆழமாகச் செருகினான்.

"ஒரு வழி இருக்கு. குழந்தைகள் தினத்தன்னிக்கு உம் பொண்ணு ஸ்கூல் இங்க வருது. ஆபீஸ்லேருந்தும் வராங்க. எல்லாரு முன்னாடியும் நீயே சொல்லிடு. பெட்டி ஒண்ணும் செய்யல, ஓடுற மெஷின்ல கவனமில்லாம கைய விட்டேன், என் தப்புன்னு. நாலு புள்ளை கைய விட்டுச்சுன்னா போதும், மிச்சத்த நான் பேசிக்கறேன்."

"கவனமில்லாம இல்லையே சார்."

"தெரியும்யா."

"தெரிஞ்சுமா சார்?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது. குடிச்சிருந்தேன்னு சொல்லச் சொன்னாங்க. கவனமில்லாமன்னு மாத்தி வாங்கியாந்திருக்கேன். அதுக்கே எவ்வளவு பேச வேண்டியிருந்துச்சு தெரியுமா."

சாயங்காலம் வீட்டில் பெட்டிக் கதையை மட்டும் மனைவியிடம் சொன்னான். மற்றதைச் சொல்லவில்லை.

"எந்த மூதேவி கெளப்பி வுட்டுச்சோ" என்றாள் பாத்திமா மேரி.

ஜெனிதா தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

"நான்தான்" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி பொண்ணு எங்க கிளாஸ்தான். உங்கப்பா குடிச்சுட்டு மெஷின்ல கைய வுட்டுட்டாரு, எங்கப்பாவே பாத்தாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. நான் இல்லன்னேன். அப்ப எப்படிப் போச்சுன்னு கேட்டாளுவ. எனக்குத் தெரியாதுல்லப்பா. அதான் பெட்டின்னு சொல்லிட்டேன்."

"அதை நம்பிட்டாளுவளா?"

"மொதல்ல நம்பல. பலகையிலயே போட்டிருக்கு, போய்ப் படிச்சுப் பாருங்கடின்னேன்."

பாத்திமா மேரி அடிக்கக் கை ஓங்கினாள். ஆரோக்கியசெல்வம் தடுத்தான். கை போனபோது ஜெனிதாவுக்கு ஐந்து வயது. அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எப்படிப்பா போச்சு?"

சொன்னான். கல் சிக்கியதை, மேஸ்திரி எடுக்கச் சொன்னதை, பெல்ட் ஓடிக்கொண்டே இருந்ததை. கேட்டு முடித்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. இவ்வளவுதானா என்பது போல.

"இதை அவகிட்ட நான் சொன்னா நம்ப மாட்டா. நாங்க அங்க வரோம்ல, அன்னிக்கு நீங்களே சொல்லிடுங்கப்பா. அவளும் வருவா."

"ம்."

"சொல்லுவீங்கள்ல?"

"சொல்றேன்" என்றான்.

குழந்தைகள் தினத்தன்று சீக்கிரமே போனான். பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுக் கல் நத்தை ஒன்றை மட்டும் வைத்தான். ஜெனிதா கூடத்துக்கு முதல் தடவை வந்தபோது மணலிலிருந்து எடுத்து, கொடுக்க மாட்டேன் என்று மடியில் கட்டிக்கொண்டு அழுதது அது. அவள் கை பட்டால் அடையாளம் தெரியும்.

பிள்ளைகள் வந்தார்கள். கேக் வெட்டினார்கள். ஆபீஸிலிருந்து வந்த இருவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெனிதா இரண்டாவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் நின்றவளைத் தோளால் இடித்து, கேளு என்பது போல் ஜாடை காட்டினாள். அவள்தான் மேஸ்திரி மகளாக இருக்க வேண்டும்.

"செல்வம், ஆரம்பிப்பா" என்றார் சிங்காரவேலு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியசெல்வம் சட்டைக்கையைப் பைக்குள்ளிருந்து இழுத்து, முழங்கை வரை சுருட்டிவிட்டான். பிள்ளைகள் அதுவரை கையை முழுசாகப் பார்த்ததில்லை.

"இந்தக் கைய பெட்டி கடிக்கல" என்றான். "நான் ஆலையில வேலை பாத்தேன். பெல்ட்டுல ஒரு கல்லு மாட்டிக்கிச்சு."

ஜெனிதா தலையை ஆட்டினாள். மேலே சொல்லுங்க.

சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"ஓடுற மெஷின்ல, கவனமில்லாம, கைய விட்டேன்" என்றான் ஆரோக்கியசெல்வம். "என் தப்புதான். பெட்டி ஒண்ணும் செய்யாது. வாங்க."

மேஸ்திரி மகள் பின்னால் திரும்பி யாரிடமோ மெல்ல, "நான் சொன்னேன்ல" என்றாள். அவன் காதிலும் விழுந்தது.

யாரும் வரவில்லை. சிங்காரவேலு இரண்டு தடவை கூப்பிட்டார். பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். ஆபீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜெனிதா வரிசையை விட்டு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பலகைக்குக் கீழே நின்று, கறுப்புத் துணியை விலக்கி, கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். கூடமே அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அவள் கை எதையோ தொட்டு நின்றது. அதன் மேல் விரல்கள் சுற்றிவருவது முழங்கை அசைவில் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னம்மா இருக்கு உள்ள?" என்றான் ஆரோக்கியசெல்வம்.

கையை வெளியே எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல, சார்" என்றாள்.

அவள் சொன்ன தோரணையில் கிண்டல் எதுவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் சொல்வது போலவே இருந்தது. வரிசைக்குத் திரும்பிப் போய் மேஸ்திரி மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பிறகு எல்லாரும் பெட்டிக்கு ஓடிவந்தார்கள். "இருக்குடி, நத்தை இருக்கு, இவ பொய் சொல்றா" என்று ஒருத்தி கத்தினாள். ஆபீஸ்காரர்கள் கை தட்டினார்கள். சிங்காரவேலு அவன் தோளைத் தொட்டு, "பொழச்ச" என்றார்.

வேலை நிலைத்தது. ஒவ்வொரு பள்ளி வரும்போதும் அவன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. பாதுகாப்புப் பாடத்துக்கும் உதவும் என்று ஆபீஸில் விரும்பினார்கள். சொல்லிச் சொல்லி அது ஜெபம் மாதிரி வாயில் தானாக வந்தது. சில நாள் அப்படித்தான் நடந்ததோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

வீட்டில் ஜெனிதா சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கவும் இல்லை. நன்றாகப் படித்தாள். அவனை அப்பா என்றோ வேறெப்படியோ கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்பாள். "அம்மா தேடுறாங்க" என்பாள். யாருக்குச் சொல்கிறாள் என்பது அவள் பார்க்கும் திசையிலிருந்துதான் தெரியும்.

அரியலூர் நடுவில் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 கடைசியில் திரும்பவும் தனி மாவட்டம் ஆனது. வாசல் பலகையில் மாவட்டத்தின் பெயரை மாற்ற நல்லுசாமி வந்தார். ஆரோக்கியசெல்வம் ஏணியைப் பிடித்துக்கொண்டான். வேலை முடிந்ததும் நல்லுசாமி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் அப்படியேதான் இருக்கா அது? மாவட்டத்தையே பிரிச்சு எழுதிட்டேன், இதைப் பிரிக்க மாட்டேனா. ஏணியக் கொண்டாங்க."

பெட்டிக்கு மேலே ஏறிப் பலகையைக் கண்ணால் அளந்தார். விரலை வைத்து ஒரு தடவை அளந்தார்.

"பத்தாது" என்றார். "எடமே இல்ல. புதுப் பலகைதான் போடணும். ஆபீஸ்ல கேக்குறீங்களா?"

"இருக்கட்டும்."

வாசலில் ஸ்கூல் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கும் சத்தம் கேட்டது. நல்லுசாமி இறங்கும்வரை ஏணியைப் பிடித்திருந்துவிட்டு, ஆரோக்கியசெல்வம் பல்லால் சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வாசலுக்குப் போனான்.